அடைப்புக்குறி வள்ளல்

பொறியியல் கல்லூரிகளில் துறைக்கு ஒருவர் இப்படி இருப்பார். பேப்பரை எழுதி முடித்த பிறகுதான் ரெஃபரன்ஸ் தேடவே உட்காருவார். 'இத்துறையில் பல ஆய்வுகள் நடந்துள்ளன' என்று ஒரு வாக்கியம். அதன் வாலில் [1]–[17]. பதினேழு பேரும் என்னதான் ஆராய்ந்தார்கள் என்று கேட்கக் கூடாது. ஐ ட்ரிப்பிள் ஈ முறைப்படி எண்கள் வரிசையாக வருகின்றனவா என்பதில் மட்டும் ஆள் படு கறார்.

முப்பதுக்குக் குறைந்தால் பேப்பர் சோனியாகத் தெரியுமாம். அதனால் கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' பகுதிக்குப் பெயர் சேர்ப்பதுபோல் சேர்த்துக்கொண்டே போவார்: கைடு, கைடின் கைடு, ரெவ்யூவராக வாய்க்கக்கூடும் என்று அவர் சந்தேகிக்கும் மூவர், போன வருடம் இவரை மேற்கோள் காட்டிய பக்கத்துக் கல்லூரி நண்பர். ஒருவர் விட்டுப்போனாலும் மனஸ்தாபம். மிச்ச இடத்தில் அவருடைய பழைய பேப்பர்கள்.

படிப்பாரா? தலைப்பைப் படிப்பார். மற்றதெல்லாம் அடுத்தவர் பட்டியலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுவதுதான்.

இந்த வம்சத்தை அளந்தே பார்த்துவிட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மின்பொறியியல் துறையைச் சேர்ந்த சிம்கினும் ராய்சவுத்ரியும், 1973-இல் வந்த புகழ்பெற்ற இயற்பியல் கட்டுரை ஒன்றுக்குக் கிடைத்த சுமார் 4,300 மேற்கோள்களை அலசினார்கள். 196-இல் பிழை, ஆனால் வெவ்வேறு பிழைகள் 45 மட்டுமே. ஒரே தவறான பக்க எண் 78 இடங்களில்! மூலத்தைப் புரட்டிய 78 பேருக்கும் ஒரே எண்ணிலா கை தவறும்? மேற்கோள் காட்டுகிறவர்களில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்று 2003-இல் மதிப்பிட்டார்கள். நம்மவர் மீதி நால்வரில் ஒருவர்.

நம்மவரின் லேபிலேயே ஓர் ஆராய்ச்சி மாணவி. எந்த வரிக்கு எது ஆதாரமோ அந்த வரியின் பக்கத்திலேயே எண்ணைப் போடுவாள். மூலத்தைத் திறந்து பார்க்காமல் போடமாட்டாள்.

"சார், சிப்புல டிரான்சிஸ்டர் எண்ணிக்கை 18 மாசத்துக்கு ஒருதடவை இரட்டிக்கும்னு எழுதி மூரோட 1965 பேப்பரைப் போட்டிருக்கீங்க. அதுல வருஷத்துக்கு ஒருதடவைன்னுல்ல சார் இருக்கு? 1975-ல அவரே ரெண்டு வருஷம்னு மாத்திட்டார். 18 மாசம்ங்கிறது இன்டெல்ல இருந்த டேவிட் ஹவுஸ் சொன்னது."

"எல்லாரும் இப்படித்தாம்மா போடறாங்க."

அந்த மூர் கட்டுரை மொத்தமே நாலு பக்கம். நம்மவர் கவலையெல்லாம் வேறு: "உன் பேப்பர்ல பத்தொன்பது ரெஃபரன்ஸ்தானாம்மா?"

அவர் பட்டியலில் 23-ஆவதாக நிற்பவர் வான் டெர் கீர். அறிவியல் கட்டுரை எழுதும் கலையைப் பற்றி எழுதியவராம். எல்சேவியர் பதிப்பகம், பட்டியலை எப்படி அமைப்பது என்று காட்ட, தன் வழிகாட்டியில் மாதிரிக்காக வைத்த வரி அது. அப்படி ஒரு கட்டுரையும் இல்லை, அது வந்ததாகச் சொல்லப்படும் இதழும் இல்லை. டெம்ப்ளேட்டை நிரப்பியவர்கள் அழிக்க மறந்ததில், பிறக்காத அந்தக் கட்டுரைக்கு ஏறக்குறைய 400 மேற்கோள்கள் சேர்ந்துவிட்டன. 2017-இல் இது வெளிச்சத்துக்கு வந்தது.

வைவாவில் வெளித்தேர்வாளர் அதிலேயே விரலை வைத்தாலும் நம்மவர் அசரமாட்டார்.

"இந்த 23 படிச்சீங்களா?"

"படிச்சேன் சார். மெத்தடாலஜிக்கு ரொம்ப யூஸ்ஃபுல்லா இருந்துச்சு."

"எனக்கு ஒரு காப்பி கிடைக்குமா?"

"சாயங்காலமே மெயில் பண்ணிடறேன் சார்."