போனவன் பேருல பட்டா

வாலே தம்பி, இப்படித் திண்ணையில உக்காரு. அந்த லேப்டாப்ப மூடு, தொடை வெந்துரும்.

என் பேரனும் ஒன்ன மாதிரி கம்பெனிக்காரன்தான், பெங்களூருல. மாசத்துல பாதி நாளு நம்ம மாடி ரூம்புல இருந்துதான் உத்தியோகம். போன மாசம் ஒருநா ராத்திரி ரெண்டு மணி. அவன் போனு கெடந்து கத்துது. பய எந்திரிச்சு ஓடுதான். என்னலே, படப்புல தீயான்னு கேட்டேன். "பணம் கட்டுற சர்வீஸ் படுத்துட்டு தாத்தா, யார் பொறுப்புன்னு பாக்கேன்"னான்.

நானும் கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பின்னால நின்னு பாத்தேன். அடேயப்பா, என்ன சோடனை! கட்டங்கட்டமா வம்சாவளி. கோடு இழுத்து, கலர் அடிச்சு, ஆளுக்கு ஒரு வட்டப் படம். ஓனர்னு போட்டு எதிர்க்க ஒரு பேரு. பய தலையில கை வச்சிட்டான். அந்த ஓனர் வேலைய விட்டு எட்டு மாசமாம். இப்பக் கனடாவுல பனி அள்ளுதானாம்.

"இதுக்குப் பேரு என்னலே?"

"இன்டர்னல் டெவலப்பர் போர்ட்டல் தாத்தா."

நாங்க இதை செத்தவன் பேருல பட்டான்னு சொல்லுவோம்.

சிரிக்காத. நான் இந்த ஊருத் தலையாரி. கர்ணத்தோட கணக்குக் கட்டைச் சுமந்தவன். 1980ல கர்ணம் வேலையவே கவர்மெண்டு எடுத்துட்டு. பொறவு வந்த வி.ஏ.ஓ.மாருக்கும் நான்தான் சுமந்தேன். ஒம் போர்ட்டலைப் பத்திப் பேச எனக்கு யோக்கியதை இல்லேன்னா வேற எவனுக்கு இருக்கு?

பய விலாவாரியாச் சொன்னான். பேக்ஸ்டேஜுன்னு ஒண்ணாம். பாட்டுப் போடுற ஸ்பாட்டிஃபைக்காரன் தன் வீட்டுக்குன்னு செஞ்சு, 2020ல எல்லாரும் எடுத்துக்கோங்கன்னு அவுத்து விட்டானாம். அதுல ஆளுக்கு ஒரு சீட்டு, அது யூசர். கூட்டத்துக்கு ஒரு சீட்டு, அது குரூப். ஒரு ஆளு நாலு கூட்டத்துல இருக்கலாம். ஒரு கூட்டத்துக்குத் தாய்க்கூட்டம் ஒண்ணே ஒண்ணுதான். சர்வீசோட சீட்டுல ஓனர்னு ஒரு வரி. அந்த ஒத்தை வரிய எழுதிட்டா, கூட்டத்தைத் தொட்டாச் சொத்து தெரியுமாம், சொத்தைத் தொட்டாக் கூட்டம் தெரியுமாம்.

ஆளைச் சொன்னா நிலம் காட்டும் சிட்டா. சர்வே நம்பரைச் சொன்னா ஆளைக் காட்டும் அ பதிவேடு. அதுதானே? ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான், குத்தஞ் சொல்ல மாட்டேன். எழுதுதவன்தான் கோட்டிக்காரன்.

பய கம்பெனியில மூணு மாசம் மீட்டிங் போட்டானுகளாம். என்னத்துக்கு? கூட்டத்துக்கு ஸ்குவாடுன்னு பேரு வைக்கவா, ட்ரைபுன்னு வைக்கவான்னு. அந்த ஸ்பாட்டிஃபைக்காரன் 2012ல ஸ்குவாடு, ட்ரைபு, சாப்டரு, கில்டுன்னு எழுதி வச்சானாம், இவனுகளும் அப்படியே வச்சுக்கிட்டானுக. ட்ரைபுன்னா குலமாம்லே! ஊருல அந்தச் சனியன ஒழிக்க நாங்க படாத பாடு படுதோம், இவனுக ஏ.சி. ரூம்புல உக்காந்து புதுசாக் குலம் கெட்டுதானுக. இத்தனைக்குப் பொறவும் ஒரே கூட்டம் மூணு பேருல பதிஞ்சு கெடக்கு. பேமெண்ட்ஸ், பேமென்ட்-டீம், பே-கோர். எண்பதுகள்ல நிலக் கணக்கைப் புதுப்பிக்க யு.டி.ஆர். நடந்தப்பவும் இதே கூத்துதான். முத்தையா, முத்தய்யா, மு. முத்தையன். ஒரு ஆளு, மூணு பட்டா. அதைச் சரி பண்ண அந்த மனுசன் தாலுகா ஆபீசுக்கு நடந்து செருப்புத் தேஞ்சதுதான் மிச்சம்.

சரி, இந்தப் பேரையெல்லாம் எங்கருந்துலே எடுத்தீகன்னு கேட்டேன். கையால டைப் அடிச்சோம்னான்.

ஏன் தம்பி, ஒங்க கம்பெனியில சம்பளப் பட்டியலு இல்லையா? ஒருத்தன் போயிட்டா அதுல பேரு தங்குமா? தங்காது, காசுல்லா போவுது! அது சுத்தமாத்தான் இருக்கும். அதை ஒட்டி லாகின் குடுக்குத பட்டியலும் ஒண்ணு இருக்குமாமே. என்ட்ரா ஐடியோ, ஆக்டாவோ, எல்டாப்போ. அதுலருந்து ஆளுகளத் தானா இழுத்துக்கிட வசதியும் இருக்காம். அதை விட்டுட்டு ரெண்டாவதா ஒரு நோட்டு எழுதுவானா எவனாச்சும்? ரெண்டு நோட்டு வச்சிருக்குத வீட்டுல ஒரு நோட்டு பொய்யி.

ஆனா இதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு, கேட்டுக்கோ. ஆளு பேரை அங்கருந்து எடு. கூட்டத்தை அப்படியே எடுக்காத. யார்கிட்ட லீவு கேக்கணும்னு சொல்லுதது ஒரு மரம், யாரோட சேந்து வேலை பாக்கேன்னு சொல்லுதது இன்னொரு மரம். ரெண்டையும் ஒட்டுப் போட்டா மாங்கொப்புல புளியங்காய் தேடுவே.

ஓனர்னு ஒத்தை ஆளப் போடாத, கூட்டத்தைப் போடு. நம்ம கண்மாய் மடையத் தொறக்கது நீர்ப்பாய்ச்சி. இன்னிக்கு ஒருத்தன், நாளைக்கு அவன் தம்பி. மடை யார் பேருலயாச்சும் இருக்கா? ஊருப் பேருல கெடக்கு. கூட்டத்துக்குப் பேரு வைக்கையிலயும் அது பாக்குத வேலைய வை. மேனேஜர் பேரை வைக்காத, அவன் ஒனக்கு முன்னால ஓடிருவான். ட்ராகன்ஸ், ஸ்பார்ட்டன்ஸ்னு கபடிக் குழு மாதிரியும் வைக்காத. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த ட்ராகன எழுப்ப? பழைய பேரை மாத்தினா, சீட்டு சீட்டா ஓனர் வரியையும் மாத்தணும். இல்லேன்னா, உறவு போட்டிருக்கு, ஆளைக் காணோம்னு அந்தப் போர்ட்டலே மஞ்சத் தாள் ஒட்டிக் காட்டும். அதையும் எவன் படிக்கான்?

எங்களுக்கு வருசத்துக்கு ஒருக்கா ஜமாபந்தி. தாலுகா ஆபீசுல ஊருக் கணக்கு அத்தனையையும் விரிச்சு வச்சு, வரி வரியாக் கேப்பாக. கர்ணத்துக்கு முந்தின நாளே வயித்தால போவும். ஒங்களுக்கு அப்படி எவன் கேக்கான்? போர்ட்டல் தொறந்த அன்னிக்குக் கேக்கு வெட்டினீக. அத்தோட சரி.

அந்த ராத்திரி என்னாச்சுன்னு சொல்லலயே. பய வேற வழியில்லாம அந்தக் கனடாக்காரனுக்கே போனப் போட்டான். அங்க சாயங்காலம். எடுத்தவுடனே, அது இப்ப இன்னார் கூட்டத்துக்கிட்ட இருக்குடான்னு ஒரே நிமிசத்துல சொல்லிட்டான். போர்ட்டலுக்குத் தெரியாதது போனவனுக்குத் தெரியுது!

காலையில காப்பி குடிக்கையில கேட்டேன், அந்த ஓனர் வரிய மாத்திட்டியாலேன்னு.

"மாத்தாம? அவன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போட்டுட்டேன் தாத்தா."

பய பேப்பர் போட்டது அதுக்கு முந்தின வாரம்.