தடையின்மைச் சான்று கோரி ரெட்மண்டுக்கு ஒரு மனு

பெறுநர்: மைக்ரோசாஃப்ட் நிறுவனத் தலைமை அலுவலகம், ரெட்மண்ட், வாஷிங்டன் மாநிலம், அமெரிக்கா.

பொருள்: கேம் ஆடும் கணினிகள் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குக் குடிபெயரத் தடையின்மைச் சான்று வழங்குதல் – தொடர்பாக.

பார்வை: விண்டோஸ் 10 ஆதரவு நிறுத்தம், நாள் 14.10.2025.

பார்வையில் கண்ட நாளில் விண்டோஸ் 10 பணி ஓய்வு பெற்றது. அதைச் சுமந்த கணினிகள் ஓய்வு பெறவில்லை. விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளில் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும், பட்டியலில் இடம்பெற்ற பிராசஸரும் அடங்கும். 2017இல் வந்த முதல் தலைமுறை ரைசன் அந்தப் பட்டியலில் இல்லை. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு துணையிருந்தால் அதே ரைசன் 'சைபர்பங்க் 2077'ஐ ஓட்டிவிடும்; விண்டோஸ் 11இல் கால்குலேட்டரைத் திறக்கத்தான் அதற்குத் தகுதியில்லை. விண்டோஸ் 10இலேயே தொடர விரும்பினால், ஓராண்டு கருணைக் கால நீட்டிப்புக்கு 30 டாலர் கட்டலாம், அல்லது நிறுவனத்தின் 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகளைக் கொடுக்கலாம், அல்லது கணினியின் அமைப்புகளை நிறுவனத்தின் கிளவுடில் ஒப்படைத்து இலவசமாகவே பெறலாம். ஆயுள் சான்று கேட்கும் ஓய்வூதிய அலுவலகங்கள்கூட இத்தனை வழிகளை யோசித்ததில்லை.

கடிதம் தட்டவும் இணையம் பார்க்கவும் மட்டும் கணினி வைத்திருப்பவர் லினக்ஸுக்கு மாற யாரிடமும் சான்று கேட்டதில்லை. கேமர்கள்தான் இத்தனை காலம் வாசலிலேயே நின்றார்கள். பெரும்பாலான கேம்கள் டைரக்ட்எக்ஸ் என்னும் விண்டோஸ் மொழியில் பேசுபவை. லினக்ஸுக்கு அது புரியாது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மதராஸில் இப்படிப்பட்ட சிக்கலுக்குத் துபாஷி என்ற மொழிபெயர்ப்பாளர் இருந்தார். லினக்ஸுக்கும் அப்படியொரு துபாஷி 1993 முதல் பயிற்சியில் இருந்தது. அதன் பெயர் வைன். விண்டோஸ் நிரல் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி அது உடனுக்குடன் மாற்றிச் சொல்லும். பல ஆண்டுகள் அந்தத் துபாஷி திக்கித் திக்கித்தான் பேசியது. கேம் திறந்தால் கறுப்புத் திரை, அதிர்ஷ்டம் இருந்தால் ஓசை மட்டும்.

நிலைமையை மாற்றியவர் அலுவலகத்துக்கு அந்நியர் அல்லர். மைக்ரோசாஃப்டில் 13 ஆண்டு பணியாற்றிய கேப் நியூவெல், 1996இல் வால்வ் நிறுவனத்தைத் தொடங்கினார். விண்டோஸ் 8 கணினித் துறைக்கே பேரழிவு என்று 2012இல் சொன்னார். 2015இல் வால்வ் கொண்டுவந்த, லினக்ஸில் ஓடும் ஸ்டீம் மெஷின் கேம் கணினிகளைச் சீந்த ஆளில்லை. அத்தோடு விட்டிருந்தால் இந்த மனுவுக்கு வேலையில்லை. ஆனால் 'நியர்: ஆட்டோமேட்டா' என்ற கேமை லினக்ஸில் ஆடிப் பார்க்க விரும்பிய ஒரு நிரலாளர், டைரக்ட்எக்ஸை லினக்ஸுக்குப் புரியும் வல்கன் மொழிக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற நிரலை எழுதினார். வால்வ் அவருக்கு ஆதரவு கொடுத்து, அந்த நிரலையும் வைனையும் சேர்த்துக் கட்டி, 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்ற பெயரில் தன் இணையக் கேம் கடையான ஸ்டீமுக்குள்ளேயே வைத்தது. முதல் நாளில் உறுதி சொல்லப்பட்டவை 27 கேம்கள். 2022இல் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி லினக்ஸோடு கடைக்கு வந்தபோது லினக்ஸில் ஓடும் கேம்கள் ஆயிரக்கணக்கில் பெருகியிருந்தன. 'எல்டன் ரிங்', 'பால்டர்ஸ் கேட் 3' போன்றவற்றை வாங்கி 'இன்ஸ்டால்' அழுத்தினால் போதும். 2025 அக்டோபரில் ஸ்டீமின் கணக்கெடுப்பில் லினக்ஸ் 3 சதவீதத்தைத் தாண்டியது. அலுவலகம் தேநீரைக் கீழே வைக்க வேண்டிய அளவுக்குப் பெரிய எண் அல்ல.

குடிபெயர்வோருக்கு அடுத்த குழப்பம் டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸின் பல வகைகளில் எதைத் தேர்வது என்பது. சண்டை பிடிக்காமல் இதைத் தீர்த்தவர்கள் குறைவு. படிப்பு, வேலை, நடுவில் கேம் என்பவருக்கு லினக்ஸ் மின்ட் போதும். கணினியைத் திறந்ததும் கேம் மட்டும் வேண்டும் என்பவருக்கு ஃபெடோராவிலிருந்து பிறந்த பாஸைட் பொருந்தும். அதன் மையக் கோப்புகள் பூட்டப்பட்டவை, புதுப்பிப்பு சொதப்பினால் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். நேற்று வெளியான கிராஃபிக்ஸ் கார்டை இன்று வாங்கியவர் டெபியன் பக்கம் போகாதிருப்பது நல்லது. நிதானமே அதன் கொள்கை. ஏஎம்டி கார்டுக்கு டிரைவர் லினக்ஸோடே வந்துவிடும். என்விடியாவுக்குத் தனி டிரைவர் வேண்டும். சில டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் வேகமும் குறையும். கேம்களைப் பழைய விண்டோஸ் பார்ட்டிஷனிலேயே வைத்து ஆட நினைப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. அவற்றை லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு மாற்றிக்கொள்வதே உத்தமம். மைக்ரோசாஃப்டின் சொந்த கேம் பாஸ் சந்தா லினக்ஸில் பிரௌசர் வழி கிளவுட் ஆட்டமாக மட்டுமே கிடைக்கும்.

இனி மனுவின் சிக்கலான பகுதி. 'வேலரன்ட்', 'ஃபோர்ட்நைட்' இரண்டும் லினக்ஸில் ஓடா. துபாஷி தோற்றதால் அல்ல. ஏமாற்றி ஆடுவோரைத் தடுக்கும் ஆன்ட்டி-சீட் எனும் வாயிற்காவலர் உள்ளே விடாததால். 'வேலரன்ட்'டின் வேன்கார்டு விண்டோஸ் கெர்னலுக்குள், கருவறையிலேயே, நாற்காலி போட்டு உட்காரும். லினக்ஸில் அவரவர் கெர்னலை அவரவரே மாற்றி எழுதலாம் என்பதால் காவலருக்கு அங்கே நம்பிக்கையில்லை. அச்சம் நியாயமானதே. ஆனால் ஈஸி ஆன்ட்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரு காவலர்களும் 2021லேயே புரோட்டானுக்குச் சம்மதித்துவிட்டனர். ஒவ்வொரு கேம் நிறுவனமும் தன் பங்குக்கு அனுமதித்தால் போதும். பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' அனுமதித்துவிட்டு, லினக்ஸ் வழியே ஏமாற்றுக்காரர்கள் நுழைவதாகச் சொல்லி 2024 அக்டோபர் இறுதியில் கதவைச் சாத்தியது. அதே ஆண்டு ஜூலை 19 அன்று, கெர்னலுக்குள் உட்கார்ந்திருந்த கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு நிரலின் ஒரு தவறான கோப்பு, மைக்ரோசாஃப்டின் கணக்கின்படியே 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அதன்பின் ஆன்டிவைரஸ் நிறுவனங்களைக் கெர்னலுக்கு வெளியே அமர்த்த வழி செய்கிறது ரெட்மண்ட். கேம் காவலர்கள் இன்னும் உள்ளேதான்.

ஆகவே இந்தச் சான்றை வழங்கும் அதிகாரம் பெறுநரிடம் இல்லை என்பது மனு எழுதி முடிக்கும்போதே தெரிய வருகிறது. தனியாக ஆடும் கேம்களே உலகம் என்பவர் இன்றே ஒரு பென் டிரைவோடு கிளம்பலாம். 'வேலரன்ட்' இல்லாமல் இரவு கழியாதவர், ஒரே கணினியில் இரண்டையும் வைக்கும் டூயல் பூட்டில் விண்டோஸுக்கும் ஒரு மூலை ஒதுக்கட்டும்.

நகல்: கேம் நிறுவனங்களின் ஆன்ட்டி-சீட் பிரிவுகள் – புரோட்டானுக்கான அனுமதியைத் தாமதமின்றி வழங்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது.