சிட்டை கணினிக்குக் குடிபெயர்ந்த படலம்: உடும்பஞ்சோலை வட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஏடு பெயர்த்தல் தமிழருக்குப் புதிதன்று. கறையானுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதைத் தலைமுறைக்கு ஒருமுறை புது ஓலையில் எழுதிவந்த கூட்டம் நாம். 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சுக்கு ஏற்றியதும், இன்று நெடுங்கண்டம் பக்கத்து ஏலக்காய்க் கடையொன்றில் தேனியிலிருந்து வந்த இளைஞர் மடிக்கணினியை விரித்துவைத்துச் செய்வதும் அடிப்படையில் ஒரே தொழில்தான். ஐயருக்குப் பாடபேதம் கிடைத்தால் குறித்துவைக்க இடமிருந்தது. இளைஞருடைய சாப்ட்வேரில் அதற்கு இடமில்லை. இவ்வாய்வு முழுவதும் அந்த ஒரு குறையிலிருந்து கிளைத்தது என்க.

களமாக உடும்பஞ்சோலையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இங்கே மாவட்டமே பெயர்த்து ஒட்டப்பட்டதுதான். 1972 ஜனவரி 26 அன்று கோட்டயத்திலிருந்து தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களையும் எர்ணாகுளத்திலிருந்து தொடுபுழையையும் எடுத்து இடுக்கி என்று பெயரிட்டார்கள். தலைமை அலுவலகம் மட்டும் கோட்டயத்திலேயே தங்கி, 1976இல்தான் பைனாவுக்கு மலையேறியது. நாலாண்டு காலம் மாவட்டம் ஓரிடம், அதன் கோப்பு வேறிடம். இன்று இதையே கிளவுடு என்று சொல்லிக் காசு வாங்குகிறார்கள்.

இதைவிட உயர்ந்த சான்றும் உண்டு. இந்த வட்டத்தின் ஏலமலைக் காடு பற்றித் திருவிதாங்கூர் அரசு 1897 ஆகஸ்ட் 24 அன்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதில் கண்ட பரப்பு 15,720 ஏக்கர் என்பது ஒரு தரப்பு. இல்லை, 2,15,720 ஏக்கர் என்பது மறு தரப்பு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நடுவே நிற்பது ஒரேயொரு ‘2’. அது ஒரு பிரதியில் விழுந்ததா, இன்னொரு பிரதியில் ஒட்டிக்கொண்டதா என்பதில் நாம் தலையிடோம். பிரதி எடுப்பவரின் பேனா ஒருமுறை அயர்ந்தால் இரண்டு லட்சம் ஏக்கர் ஆடும் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

இனிக் கடைக்கு வருவோம். பெயர் வேண்டாம். சிறு விவசாயிகளிடம் காய் வாங்குவதும், அட்வான்ஸ் கொடுப்பதும், ஸ்டோரில் பச்சைக்காயை உலர்த்திக் கொடுப்பதும் அதன் தொழில். புது சாப்ட்வேருக்குப் போக வேண்டிய சரக்கு மூன்று இடங்களில் இருந்தது: நீளவாட்டில் மடித்துத் தைத்த சிட்டைகள், மூலையில் கிடந்த பழைய கணினி, கணக்குப்பிள்ளையின் தலை. மூன்றாவதற்குக் கேபிள் கிடையாது.

பழைய கணினியே முதலில் கழுத்தை அறுத்தது. அதில் பெயர்களெல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன. யூனிகோடு 1991 முதல் தமிழுக்கு இடம் கொடுத்திருந்தாலும், மலைக்கு அந்தச் செய்தி ஜீப்பில்தான் வந்து சேர்ந்தது. பாமினிக்குத் தமிழ் என்பது ஒரு வேஷம். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். மேலே தமிழ்ச் சட்டை. புது சாப்ட்வேர் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தது. முருகன் இருந்த இடத்தில் கே, யூ, எஃப், டி, ஓர் அரைப்புள்ளி. கணக்குப்பிள்ளை திரையை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “இந்த ஆளு நம்மகிட்ட காய் போட்டதே இல்லையே தம்பி” என்றார்.

மாற்றியை வைத்து அதைச் சரிசெய்தார்கள். அடுத்து வந்தது பெயர்ச் சிக்கல். சாப்ட்வேர் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்டது. நிரப்பாவிட்டால் மேலே நகராது. மலையாளி விவசாயிக்கு வீட்டுப்பேர் இருக்கிறது, எழுதிவிட்டார்கள். கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் மூன்று தலைமுறைக்கு முன் மலையேறிய குடும்பத்துக்கு இனிஷியல்தான் உண்டு. அதையும் பாதிப்பேர் சொல்வதில்லை. இளைஞர் யோசித்து, அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று அடித்தார். மாலையில் அகரவரிசைப்படி பட்டியல் எடுத்தபோது, உடும்பஞ்சோலை வட்டத்தின் மிகப் பெரிய குடும்பம் ‘இல்லை’ குடும்பம் என்று தெரியவந்தது. மானிடவியலார் இதைக் கவனிக்க வேண்டும்.

சிட்டையின் ஓரக்குறிகள் தனி அதிகாரம் பெறத் தக்கவை. எடைக்குப் பக்கத்தில் ‘ஈ’ என்றிருந்தால் காய் ஈரம், விலை அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம். பெயருக்குப் பக்கத்தில் சுழி இருந்தால் அவர் கேட்டால் அட்வான்ஸ் கொடுக்கலாம். சுழிக்குள் புள்ளி இருந்தால் அவருடைய மனைவி வந்து கேட்டால் மட்டும் கொடுக்கலாம். பெயருக்குக் கீழே இரட்டைக் கோடு என்றால் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. சாப்ட்வேரிலோ இரண்டே நிலை: செலுத்தியது, நிலுவை.

“இந்தச் சுழிய எதுலங்கய்யா போடறது?”

“நிலுவையில போடு தம்பி.”

“ரெட்டைக் கோடு?”

“அதுவும் நிலுவைதான். ஆனா அவரு கொடுக்க வேண்டியது இல்ல, நாம கேக்கக் கூடாதது.”

இளைஞர் கேட்கக் கூடாததற்கு ஒரு கட்டம் தேடினார். சந்தா உயர்ந்த திட்டத்தில் கிடைக்குமாம்.

இங்கே ஒரு விகிதத்தை முன்மொழிகிறோம். ஐந்து கிலோ பச்சைக்காயை ஸ்டோரில் உலர்த்தினால் ஏறக்குறைய ஒரு கிலோ உலர்காய் கிடைக்கும். போனது தண்ணீர் என்று விவசாயிக்குத் தெரியும், அதற்காக அவர் வருந்துவதில்லை. சிட்டை ஐந்து பக்கம் திரையில் ஒரு பக்கம் ஆயிற்று. போனது தண்ணீரா வாசனையா என்று சொல்லக்கூடியவர் கணக்குப்பிள்ளை ஒருவரே. அவரோ ஓய்வு பெறப் போகிறவர்.

பெரிய இடங்கள் இதைப் புரிந்தே நடந்துகொண்டன என்பதையும் பதிவு செய்ய வேண்டும். போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் நடக்கும் ஏலக்காய் ஏலம் 2007 வாக்கில் வாய்க்கூவலிலிருந்து கணினிக்கு மாறியது. விலை திரையில் ஓடுகிறது, வியாபாரி பொத்தானை அமுக்குகிறார். ஆனால் ஒவ்வொரு லாட்டுக்கும் மாதிரிக் காய் கைக்கு வந்தாக வேண்டும். உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, நிறம் பார்த்து, மோந்து பார்த்துவிட்டுத்தான் விரல் பொத்தானுக்குப் போகும். காயைக் கணினியில் ஏற்ற எவரும் முயலவில்லை. எதைப் பெயர்க்கக் கூடாது என்று தெரிந்த பெயர்ப்பு அது; நம் கடையின் சாப்ட்வேரை எழுதியவர் அந்த மண்டபத்தில் ஒருநாள் உட்கார்ந்திருக்கலாம். அவர் கிலோ விலை 5,000 ரூபாயைத் தாண்டினால் ‘தவறான பதிவு’ என்று சிவப்பில் காட்டும்படி எழுதிவைத்தார். 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ 7,000 வரை போயிற்று. மலையே கொண்டாடிய அந்த வாரம் முழுவதும் கடையின் திரை சிவந்தே கிடந்தது. கணக்குப்பிள்ளை ஒரு பில்லுக்கு இரண்டு வரியாக 3,500, 3,500 என்று உடைத்துப் போட்டுச் சமாளித்தார். அவ்வாறு ஒருவர் இருமுறை காய் போட்டதாக ஆனது.

அந்த இரட்டை வரிகளைக் களையத்தான் இளைஞர் ‘ஒன்றாக்கு’ என்ற பொத்தானை அமுக்கினார். அது பில்லோடு நிற்கவில்லை. ஒரே பெயர், ஒரே ஊர், ஒரே குடும்பம் எனக் கண்டதையெல்லாம் ஒன்றாக்கியது. சிட்டையில் மெட்டு முருகன், ஜீப்பு முருகன், ரெண்டேக்கர் முருகன் என்று மூவர். சாப்ட்வேரில் மூவருமே முருகன் இல்லை. ஆகவே மூன்று அட்வான்ஸும் ரெண்டேக்கர் முருகன் தலையில் இறங்கின. அவர் மறுநாள் காலையிலேயே கடை வாசலில் நின்றார். கணக்குப்பிள்ளை சிட்டையை எடுத்துப் பிரித்து அவர் கணக்கை மட்டும் பிரித்துக் கொடுத்து அனுப்பினார். மெட்டு முருகனிடமிருந்தும் ஜீப்பு முருகனிடமிருந்தும் இதுவரை புகார் எதுவும் வரவில்லை.