கண் சொல்வதும் தோள் சொல்வதும்

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். 16 அங்குல மேக்புக் ப்ரோ வாங்கலாமா? விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

பதில்: உங்கள் கண்ணைக் கேட்டால் இன்றைக்கே வாங்கு என்னும், தோளைக் கேட்டால் வேண்டவே வேண்டாம் என்னும். இந்தத் தொழிலில் நான் கண் பக்கம்தான். மூன்று கேமரா காட்சிகளை அருகருகே விரித்துப் பார்க்கும்போதுதான், கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பு ஒன்றில் மட்டும் ஆரஞ்சாகத் தெரிவது பிடிபடும். சின்னத் திரையில் அதைப் பெண்ணின் அம்மாதான் கண்டுபிடிப்பார்!

பேட்டரியும் தாராளம். விமானத்தில் தடையின்றிக் கொண்டுபோகக்கூடிய 100 வாட்-மணி வரம்பை ஒட்டியே வைத்திருக்கிறார்கள். எடைதான் 2 கிலோவைத் தாண்டும், சார்ஜர் தனி. தினமும் பஸ்ஸில் தூக்கிப்போவதாக இருந்தால் யோசியுங்கள். பில் போடவும் மெயில் பார்க்கவும் மட்டும் என்றால் 15 அங்குல ஏர் போதும், ஒன்றரைக் கிலோதான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இதில் ரேமைப் பின்னால் கூட்டவே முடியாது. கையில் இருக்கும் பணத்தை அதில் போடுங்கள். ஸ்டோரேஜ் குறைந்தால் வெளியே ஒரு எஸ்எஸ்டி செருகிக்கொள்ளலாம்.