பயாஸ் ஐயாவுக்கு ஒரு புகழ்மாலை

தேவதானப்பட்டிக்காரர்களுக்குத் திறக்காத கதவு புதிதல்ல. மஞ்சளாற்றங்கரையில் மூங்கிலணை காமாட்சி அம்மன் சன்னதிக் கதவு திறப்பதே இல்லை. பூசையெல்லாம் அந்தக் கதவுக்குத்தான். அந்த வாசலில் நின்று வளர்ந்த பொறுமை கைகொடுத்ததால்தான், மாங்காய் மண்டி ஒன்றின் பழைய சர்வர் முன்னால் மூன்று இரவு உட்கார்ந்திருந்தேன். கணக்கு எழுத லினக்ஸ் ஏற்ற வேண்டும். பெட்டிக்குள் வீற்றிருந்து கணினியை முதலில் எழுப்பும் பயாஸ் ஐயா கதவைத் திறக்கவில்லை. அவர் பெருமையைச் சொல்லியே ஆகவேண்டும்.

ஐயா, உங்கள் வைராக்கியம் யாருக்கு வரும்! 1981இல் ஐ.பி.எம். பி.சி.யோடு தொடங்கிய குலம் உங்களுடையது. எம்.பி.ஆர். எனப்படும் வட்டின் முதல் 512 பைட்டை மட்டும் எடுத்துப் பார்ப்பீர்கள். அதன் முடிவில் 55, ஏஏ என்ற முத்திரை இருந்தால் பொறுப்பை ஒப்படைத்து ஒதுங்கிக்கொள்வீர்கள். 2005இல், உங்களுக்கு மாற்றான யூ.இ.எஃப்.ஐ.க்கு மன்றம் அமைந்து, உலகம் அந்தப் புது முறைக்கு மாறியது. நீங்கள் மூத்தோர் வாக்கை விடவில்லை. புது முறைக்கென்றே நான் எழுதிய பென்டிரைவ் முதல் இரவு முழுக்க உங்கள் மடியில்தான் கிடந்தது, நீங்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விடிந்ததும் அதைப் பழைய எம்.பி.ஆர். முறையில் மறுபடி எழுதினேன்.

ஆசையற்றவர் நீங்கள். 4 டெராபைட் வட்டு வாங்கி, வட்டுகளை நிர்வகிக்கும் ரெய்டு கார்டின் அமைப்புத் திரையில் சேர்த்தேன். எம்.பி.ஆரில் உள்ள பிரிவினை அட்டவணை 2 டெராபைட்டோடு நின்றுவிடும் என்பதால் புதிய ஜி.பி.டி. முறையில் பிரித்தேன். அத்தனை பெரிய நிலத்தில் உங்களுக்காக, லினக்ஸை எழுப்பும் கிரப் கேட்டது 1 எம்.பி. மட்டும், கோப்பு எதுவும் இல்லாத, ‘பயாஸ் பூட்’ என்று குறியிட்ட ஒரு துண்டு. அது இல்லாததால் இரண்டாம் இரவும் விடிந்தது.

பற்றும் இல்லை உங்களுக்கு. தாய்ப்பலகையின் காசளவு பேட்டரி தீர்ந்திருந்தது. கரண்ட் போய் வரும்போதெல்லாம், நான் வைத்த பூட் வரிசையையும் தேதியையும் துறந்து, ஆலையில் பிறந்த நிலைக்கே திரும்பினீர்கள். தேதி பல ஆண்டு பின்னால் போனதில், தொகுப்புகளை இறக்கும் தளங்களின் சான்றிதழ்கள் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று இன்ஸ்டாலர் மறுத்தது.

எல்லாவற்றையும் விட உங்கள் சொற்சுருக்கம்! ‘பூட் செய்ய எந்தச் சாதனமும் இல்லை.’ பென்டிரைவ் தவறாக எழுதப்பட்டதா? ரெய்டு கார்டில் வட்டுத் தொகுதி அமைக்காததால் வட்டே வெளியே தெரியவில்லையா? வரிசை மாறிவிட்டதா? எந்தக் குறைக்கும் இதே ஒரு வரி. குற்றவாளிகள்மேல் இத்தனை சமநோக்கு எந்த நீதிமன்றத்திலும் கிடையாது. எதைத் தேடினேன், எங்கே தேடினேன், எது குறைந்தது என்று இன்னும் இரண்டு வரி சொல்ல உங்களை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்களும் உங்களைப் போலவே அடக்கமானவர்கள். அந்த அடக்கத்தால் நல்ல பிராசசரும் நல்ல நினைவகமும் உள்ள பெட்டிகள் ‘செத்துப்போச்சு’ என்ற பெயரோடு காயலான் கடைக்குப் போகின்றன. சிறிய பள்ளிக்கோ நூலகத்துக்கோ இன்னும் சில ஆண்டு உழைத்திருக்க வேண்டியவை அவை.

மூன்றாம் இரவு பேட்டரியை மாற்றினேன். தேதியைச் சரிசெய்தேன். அந்த 1 எம்.பி.யையும் ஒதுக்கினேன். ஐயா கதவைத் திறந்தார். மண்டிக் கணக்கு இப்போது அதில்தான் ஓடுகிறது.

உங்கள் அலுவலக மூலையிலும் இப்படி ஒரு சர்வர் தூசி படிந்து கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு சி.ஆர். 2032 பேட்டரி வாங்கிப் போட்டுப் பாருங்கள்.