கேங்ஸ்டர் கேம் வெளிவரும் முன்பே அதில் தோற்பது எப்படி

பத்து காவானில் குடியிருந்துகொண்டு, இன்னும் வெளிவராத ஒரு கேங்ஸ்டர் வியூக விளையாட்டுக்காகக் காத்திருக்கிறீர்களா? அருமை. ஆனால் சும்மா காத்திருந்தால் போதாது. கேம் வந்து சேர்வதற்குள் உங்கள் நிம்மதி மொத்தமாகப் போயிருக்க வேண்டும். இதோ வழிமுறை.

1. டிரெய்லர் பாருங்கள். விளையாட்டே கண்ணில் படாத டிரெய்லர் என்றால் இன்னும் உத்தமம். மழை, தொப்பி, சுருட்டு, டாமி கன், போதும். பினாங்குத் தீவுக்குப் போகிற நாளில் கார் ஓட்டும் வேலையை நண்பரிடம் தள்ளிவிட்டு, வழியெல்லாம் டிரெய்லரையே பாருங்கள். இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். கடலைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

2. உருவாக்கியவர்களின் பெயரை ஜபியுங்கள். 2019 ஜூனில் ‘எம்பயர் ஆஃப் சின்’ அறிவிக்கப்பட்டபோது ரசிகர்கள் இதைத்தான் செய்தார்கள். மதுவிலக்குக் காலச் சிகாகோ, அல் கபோன், மாறி மாறி நகர்த்தும் சண்டை. இயக்குநர் பிரெண்டா ரொமேரோ, அவர் கணவர் ‘டூம்’ புகழ் ஜான் ரொமேரோ. இதற்கு மேல் என்ன வேண்டும்? 2020 வசந்தத்தில் வரவேண்டியது தள்ளிப்போய் டிசம்பர் 1-இல் வந்தது. வாங்கியவர்களில் பலர் கும்பலை வளர்ப்பதைவிட்டுப் பிழைகளைப் பட்டியல் போட்டார்கள். இந்தத் தகவலைப் படித்ததும் மறந்துவிடுங்கள். 2013-இல் வந்த இன்னொரு கேங்ஸ்டர் கேம் ‘ஓமெர்ட்டா’வும் நினைவுக்கு வரக்கூடாது. இந்த முறை அப்படி ஆகாது.

3. ஆசைப் பட்டியல் எழுதுங்கள். சாராயக் கிடங்கின் கணக்கு ஒரு காசு பிசகாமல் வரவேண்டும். ஒவ்வோர் அடியாளுக்கும் ஒரு பாட்டி, அந்தப் பாட்டிக்கு ஒரு நோய். போலீஸ்காரருக்கு லஞ்சம் கொடுத்தால் அவர் மனைவி முகத்தில் மாற்றம் தெரியவேண்டும். கடைசி வரியில் இப்படி முடியுங்கள்: “ஆனால் எளிமையாக இருக்கணும்.”

4. சதவீதத்தை நம்பிப் பழகுங்கள். உங்கள் ஆள் ஒரு பீப்பாய்க்குப் பின்னால் குந்தியிருக்கிறான். எதிரி இரண்டே கட்டம் தள்ளி, மறைவே இல்லாமல் நிற்கிறான். குறி தப்பாத வாய்ப்பு 95 சதவீதம் என்று திரை சொல்கிறது. சுடுகிறீர்கள். குண்டு கூரைக்குப் போகிறது. நூற்றில் ஐந்து என்பது நிகழக்கூடியதுதான் என்று பள்ளியில் படித்தது ஞாபகம் வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது என்று மாமாக் கடையில் ஒரு தே தாரேக் ஆறும் வரை விளக்குங்கள். பிறகு பழைய சேவ் ஃபைலைத் திறந்து, குறி விழும் வரை சுடுங்கள். இதற்குப் பெயர்தான் வியூகம்.

5. உள்ளூர்ப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதீர்கள். இது மிக முக்கியம். 1867 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுன் தெருக்களில் பெருங்கலவரம். சீன ரகசியச் சங்கங்களில் கீ ஹின் ஒரு பக்கம், தோ பே கொங் மறுபக்கம். வெள்ளைக்கொடிச் சங்கம் கீ ஹின்னோடும், சிவப்புக்கொடிச் சங்கம் தோ பே கொங்கோடும் சேர்ந்தன. கொடிச் சங்கங்களில் மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும் இருந்தார்கள். நான்கு அணி, தெருவுக்குத் தெரு எல்லை, கூட்டணி, துரோகம் எல்லாம் தயார். யாரோ ரம்புத்தான் தோலை விட்டெறிந்ததில்தான் மூண்டது என்றும் சொல்வதுண்டு. எந்த கேம் கம்பெனிக்கு இந்தத் துணிச்சல் வரும்? ஆச்சே ஸ்திரீட் மலாய்ப் பள்ளிவாசல் மினாரில் உள்ள ஓட்டை அன்றைய பீரங்கிக் குண்டு போட்டது என்பார்கள். தோ பே கொங் தலைவர் கூ தியன் தெய்க்குக் கிடைத்த மரண தண்டனை பிறகு சிறையாகக் குறைந்தது. கீ ஹின்னின் இன்னொரு எதிரிச் சங்கமான ஹாய் சானின் தலைவர் சுங் கெங் குவீ பின்னாளில் என்ன செய்தார் தெரியுமா? சர்ச் ஸ்திரீட்டில் கீ ஹின்னின் தலைமையகம் இருந்த இடத்தையே வாங்கி மாளிகை எழுப்பினார். இன்று அது பெரானாக்கான் அருங்காட்சியகம். டிக்கெட் எடுத்து உள்ளே போகலாம்; போகாதீர்கள்.

உங்கள் பத்து காவான் மட்டும் சும்மாவா? இந்தப் பக்கம் கரும்புத் தோட்டம் வைத்திருந்த காவ் பூ ஆன், கீ ஹின் தலைவர்களில் ஒருவர். பேராக்கில் லாருட் ஈயச் சுரங்கங்களுக்காக நடந்த சண்டைவரை அவர் கை நீண்டது. கரும்பு போய், சிப் தொழிற்சாலையும் ஐக்கியாவும் வந்துவிட்டன. இதையெல்லாம் தெரிந்துகொண்டால், கேமுக்குச் சிகாகோதான் வேண்டுமா என்று ஒரு சந்தேகம் கிளம்பும். கிளம்பவிடாதீர்கள். சிகாகோ தெருப்பெயர்களை மனப்பாடம் செய்யுங்கள்.

6. டீலக்ஸ் பதிப்பை முன்பதிவு செய்யுங்கள். கூடுதல் ரிங்கிட்டுக்கு ஒரு தொப்பி தருவார்கள். திரையில்தான்.

7. வெளியாகும் நாளுக்கு எம்.சி. போடுங்கள். தேதி தள்ளிப்போனால் அதற்கும் ஒரு காய்ச்சல் வைத்திருங்கள்.

8. இறக்கி முடித்ததும் விளையாடிவிடாதீர்கள். முதலில் மதிப்பெண்களைப் படியுங்கள். பயிற்சிக் கட்டம் முடியும் முன்பே தீர்ப்பு சொல்லிவிடுங்கள். அதைத் தாண்டினால் ரசனை உள்ளே புகுந்துவிடும். தப்பித்தவறிக் கேம் நன்றாக இருந்து தொலைத்தால் பதறாதீர்கள். அல் கபோனின் தழும்பு எந்தக் கன்னத்தில் என்று சண்டையைத் தொடங்குங்கள். நிஜத்தில் இடக்கன்னம். நீங்கள் வலதில் நில்லுங்கள்.