துண்டு எங்க காயப்போடுவ தம்பி?

வூட்டைக் கட்டிப் பாரு, கல்யாணத்தைப் பண்ணிப் பாருன்னு பெரியவங்க சொன்னாங்க. ஆஸ்டலைக் கட்டிப் பாருன்னு ஏன் தம்பி சொல்லல? வூட்டைக் கட்டுறவன் அதுலயே படுத்து எந்திரிக்கணும். ஒழுகினா அவன் தலையிலதான் சொட்டும். ஆஸ்டல் கட்டுறவனுக்கு அந்தக் கவலை ஏது? ரிப்பன் வெட்டுவான், முந்திரி தின்னுவான், கார் ஏறிப் போயிடுவான். படுக்கறது நீ.

பெங்களூராண்ட அத்திபெலேல இருந்து சர்ஜாபுரா போற ரோட்டைப் பாரு. கேவுரு கொல்லையும் தைலமரத் தோப்புமா கெடந்த எடம். இப்ப திரும்புன பக்கமெல்லாம் காலேஜு, வில்லா, அடுக்குமாடி. புருகுண்டேல அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் நிக்குது. 2010ல சட்டம் போட்டு வந்தது. மொதல்ல எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் இருந்துச்சு, அப்புறம் இங்க வந்துச்சு. பிள்ளைங்க உள்ளயே தங்கிப் படிக்குதுங்க. நல்ல காரியந்தான். பெங்களூரு சில்க் போர்டு நெரிசல்ல நிக்கறதுக்கு இது தேவலை. அதைப் பாத்துட்டு நாமளும் ஆயிரம் பேருக்கு ஒண்ணு எழுப்புவோம்னு கெளம்புறாங்களே, அவங்களைத்தான் நான் கேக்குறேன்.

அவங்க அடிச்சுத் தர்ற வழவழ புஸ்தகத்தைப் புரட்டிப் பாரு. புல்தரையில நாலு பேரு சிரிச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பாங்க. ஒருத்தன் கையிலயாவது பக்கெட்டு இருக்கா? ஈரத் துண்டு இருக்கா? ஜிம்மு இருக்கும், காபிக் கடை இருக்கும், மொட்டை மாடியில தோட்டம் இருக்கும். ஆயிரம் பேரு குளிச்சா ஆயிரம் ஈரத் துண்டாச்சே, அது எங்க காயும்? எந்தப் படத்துலயும் கொடி கட்ட எடம் இருக்காது. பய என்ன பண்ணுவான்? ஜன்னல் கம்பிக்குக் கம்பி கயிறு இழுப்பான். மேல் மாடிக்காரன் பனியன் சொட்டி கீழ் மாடிக்காரன் நோட்டு நனையும். கட்டடத்தோட அழகு கெட்டுப்போச்சுன்னு வார்டன் ஃபைன் போடுவாரு.

கொடியாவது பரவால்ல. ஜன்னலே வேணாம்னு ஒருத்தர் சொன்னாரு, தெரியுமா? அமெரிக்காவுல சார்லி மங்கர்னு ஒரு கோடீஸ்வரர் இருந்தாரு, வாரன் பஃபெட்டோட கூட்டாளி. சாண்டா பார்பராவுல இருக்கற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு 20 கோடி டாலர் தர்றேன், ஆஸ்டல் கட்டுங்க, ஆனா என் பிளான்படிதான் கட்டணும்னாரு. பதினோரு மாடி. ஏறக்குறைய 4,500 பிள்ளைங்க. நூத்துக்குத் தொண்ணூறு ரூமுக்கு மேல ஜன்னல் கெடையாது. அதுக்குப் பதிலா வெளிச்சம் காட்டுற பொய் ஜன்னல். ரூம்ல அடைஞ்சு கெடக்காம பய வெளிய வந்து நாலு பேரோட பழகுவானாம், அப்படி ஒரு கணக்கு. கட்டடக்கலை படிச்சவரு இல்ல அவரு. பணம் பேசுச்சு. 2021ல பிளானைப் பாக்கற குழுவுல இருந்த டென்னிஸ் மெக்ஃபேடன்ங்கிற ஆர்க்கிடெக்ட், இதுக்கு நான் ஆளில்லன்னு வெலகிட்டாரு. 2023ல பல்கலைக்கழகமே திட்டத்தைக் கைவிட்டுடுச்சு. கோழி அடைக்கற கூண்டுக்கே காத்து வர சந்து விடுவோம் நாம. இது வெளங்க அங்க ரெண்டு வருசம் ஆயிருக்கு. 2021ல மங்கருக்கு வயசு 97. என்னைவிட மூத்தவரு. வயசானா புத்தி வரும்னு எவன் தம்பி சொன்னான்?

பெரிய மேஸ்திரியைக் கூட்டியாந்தா சரியாப் போயிடுமா? அகமதாபாத் ஐஐஎம்முக்கு லூயி கான் வந்தாரு, உலகமே மெச்சுன ஆளு. செங்கல்லுல வளைவு வளைவா, நெழலும் காத்தும் வர்ற மாதிரி ஆஸ்டல் கட்டுனாரு. அதுல கொறை சொல்ல மாட்டேன். ஆனா கட்டுனதோட முடிஞ்சுதா? வருசா வருசம் யாரு பாக்கறது? 2020 டிசம்பர்ல, கசியுது, காரை விழுது, 18 கட்டடத்துல 14ஐ இடிக்கப் போறோம்னாங்க. உலகம் பூரா கட்டடக்காரங்க கூச்சல் போட்டாங்க. 2021 பொறந்ததும், இடிக்கல, இடிக்கலன்னு பின்வாங்குனாங்க. 2022ல மறுபடியும், சிலதைப் புதுசாத்தான் கட்டணும்னாங்க. தெறப்பு விழாவுக்கு மந்திரி வருவாரு. ஓதம் ஏறுன செவுத்தைப் பாக்க எந்த மந்திரி வருவாரு?

சரி, தண்ணிக்கு வா. எனக்கு அதுலதான் வவுறு கலங்குது. ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர்னு சர்க்கார் கணக்கு. ஆயிரம் பேருக்கு 1,35,000 லிட்டர். பெரிய டேங்கர் 12,000 லிட்டர் புடிக்கும். அப்படின்னா நாளைக்குப் பதினோரு லோடுக்கு மேல. எங்கேர்ந்து வரும்? நம்ம பக்கம் போரு ஆயிரம் அடி போனாலும் பல எடத்துல புழுதிதான் பறக்குது. 2024 கோடையில பெங்களூருல டேங்கருக்கு ஜில்லா நிர்வாகமே வெலை கட்ட வேண்டியதாச்சு, மறந்துட்டியா?

உள்ள வந்த தண்ணி வெளிய போவணுமே, அது எங்க போவும்? பெங்களூரான் குளிச்சு விட்ட தண்ணி பெல்லந்தூரு, வர்த்தூரு ஏரியைத் தாண்டி தென்பெண்ணையில எறங்குது. ஓசூராண்ட கெலவரப்பள்ளி அணையில நொரையாப் பொங்குது. நம்ம அத்திபெலே எல்லைச் சாவடியில லாரியை நிறுத்துவாங்க, சீட்டு கேப்பாங்க. நொரையை எவன் நிறுத்துவான்? இந்தாண்ட கட்டுற ஆஸ்டலுக்கு அந்தாண்ட இருக்கறவன் மூக்கைப் பொத்திக்கிறான்.

நீ ஆஸ்டல் கட்டுற எஞ்சினியரைப் பாக்கப் போறதாச் சொன்னியே, போயிட்டு வா. நீச்சல் குளம் எத்தினி அடின்னு கேட்டு வாயைப் பொளக்காத. போரு எத்தினி அடி, கழிவுத் தண்ணியைச் சுத்தம் பண்ற மிசினு நெசமா ஓடுமா, இல்ல அதிகாரி வர்ற அன்னிக்கு மட்டும் ஓடுமான்னு கேளு. அவரு சிரிச்சாருன்னா கோவிச்சுக்காத. ஒரே ஒரு ராவு அவரு கட்டுற ரூம்ல படுத்துப் பாக்கச் சொல்லு. ஏப்ரல் மாசமா, கரண்டு போன நேரமாப் பாத்து.